வீடு, வேலி

இன்று காலை கிட்டார் பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் பக்கவாட்டில் நீ ஒட்டியிருந்த வெள்ளை டேப் துண்டு துணியோடு வந்துவிட்டது. இந்தச் சிங்கப்பூர் ஈரக்காற்றில் எந்தப் பசைதான் நிற்கிறது. கட்டைவிரலில் ஒட்டிக்கொண்ட அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு மார்க்கரில் உன் கோணல் எழுத்து: 'வேலி'.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஏதோ சொல்லியும் இருக்கிறேன் போல. உள் அறையிலிருந்து அம்மா, "யாரு கூடப் பேசுற?" என்றாள். யாருமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

நாம் நான்கு பெண்கள் இசைக்குழுவாகச் சேர்ந்து ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் மணிக்கணக்கு வாடகைக்கு அறை எடுத்து வாசித்தோமே, அதெல்லாம் அம்மா குளியலறையில் விழுந்த அன்றோடு எனக்கு முடிந்தது. இடுப்பெலும்பு முறிந்தவள் பிறகு கட்டிலை விட்டு எழவில்லை. என் வேலையையும் வீட்டுக்கே கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் கணினி, பக்கத்து அறையில் அம்மா, ஜன்னலுக்கு வெளியே எதிர் அடுக்குமாடி புளோக்கில் காயும் துணிகள். தோ பாயோவில் வருடக்கணக்காக நான் பார்த்த உலகம் இவ்வளவுதான். மற்ற இருவரும் ஆரம்பத்தில் ஃபோன் செய்தார்கள். நீ மட்டும் நேரில் வந்தாய்.

உன் வேலை அப்படி. லிஃப்ட் பழுது பார்ப்பவள் நீ. நடுவில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்த கதைகளாகக் கொண்டுவருவாய். கதவைத் திறப்பது பெரிய காரியமில்லை, திறக்கும்வரை உள்ளே இருப்பவர் பதறாமல் இருக்க வேண்டும், அதுதான் பாடு என்பாய். "முதல்ல பேரக் கேக்கணும். அப்புறம், பேசிக்கிட்டே இருங்க, நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லணும். அவ்ளோதான் லா." எனக்கு அதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் கோப்பி பாக்கெட் இரண்டோடு வந்து நிற்பாய்.

அப்படி வந்த ஒரு நாள்தான் நான் ஹெட்ஃபோனில் வாசிப்பதை வாங்கிக் கேட்டாய். கேட்ட வேகத்தில் கழற்றிவிட்டாய். மிதித்தால் கிட்டாரின் சுத்தமான ஒலியைக் கிழித்துக் கரகரப்பாக்கும் அந்த ஆரஞ்சுப் பெட்டியை, இந்தப் பெடலைத்தான், மலிவாக வாங்கியிருந்தேன். பெரிய ஸ்பீக்கரில் அது எப்படியோ ஒப்பேறிவிடும். ஹெட்ஃபோனில் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி இரையும். சத்தமாக வைக்கவும் வழியில்லை. அம்மா திடுக்கிட்டு விழித்துக்கொள்வாள், மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார்.

"இதையாடி இத்தன மாசமா காதுல போட்டுக்கிட்டு இருந்த?" என்று கேட்டாய்.

அடுத்த சனிக்கிழமை கோப்பியோடு சால்டரிங் அயனும் வந்தது. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பெடலின் அடிமூடியைக் கழற்றினாய். ஒலியை வெட்டுகிற இரண்டு டையோடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடுகளவு சிவப்பு எல்இடி விளக்குகள் இரண்டை வைத்தாய். இவை அவ்வளவு நெருக்கமாக வெட்டாது, சத்தத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்றாய். பிறகு அந்த வண்டு இரைச்சலை வடிகட்ட ஒரு கெப்பாசிட்டர். அந்தக் கெப்பாசிட்டரை வேண்டும்போது சேர்க்கவும் விலக்கவும் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச்.

ஈயம் உருகும் புகை அறைக்குள் போனதும் அம்மா குரல் கொடுத்தாள். "என்னடி அங்க பொசுங்குது?"

"ஒண்ணுமில்ல ஆண்டி. உங்க மக கிட்டாருக்குத் தொண்ட கட்டியிருக்கு, வைத்தியம் பாக்குறேன்."

அம்மா நடமாடிய நாட்களில் கோயில் பஜனையில் முன்வரிசைப் பாடகி. விடுவாளா? "பிசிறு போயிடுமா?"

"போகாது ஆண்டி. பிசிறுதான் வேணும். நல்ல பிசிறா வேணும்."

"பிசிறு வேணும்னு காசு குடுத்தா வாங்குவாங்க? என்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே, இந்த வயசுல எனக்கு அது மட்டுந்தான் இருக்கு."

நீ சிரித்த சிரிப்பில் சால்டரிங் அயன் செய்தித்தாளைப் பொசுக்கிவிட்டது. இந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

மூடியைப் போடுவதற்கு முன் என்னைக் கம்பிகளை ஓங்கி மீட்டச் சொன்னாய். மீட்டினேன். பெட்டிக்குள் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளும் மினுக்கென்று எரிந்து அணைந்தன. "மூடி போட்டப்புறம் இது யாருக்கும் தெரியாது. ஆனா எரியும்" என்று சொல்லி மூடியைத் திருகினாய்.

சுவிட்சின் இரு பக்கமும் பெயர் எழுதி ஒட்டினாய். ஒரு பக்கம் 'வீடு': ஹெட்ஃபோனுக்கு. மறுபக்கம் 'வெளி' என்று இருக்க வேண்டும்: மேடைக்கு, பெரிய ஸ்பீக்கருக்கு. தமிழில் பாஸானதே சாமி புண்ணியம் என்று சொல்லித் திரிந்தவள், கொம்பையும் நீட்டிவிட்டாய், ளகரத்தையும் மாற்றிவிட்டாய். வெளி வேலியாகிவிட்டது.

"அடிப்பாவி, இது வேலி. ஃபென்ஸ்" என்றேன்.

நீ கொஞ்சங்கூட அசரவில்லை. "ஃபென்ஸ் எங்க இருக்கும்? வெளியதான இருக்கும்? அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன்."

போகும்போது ஒன்று சொன்னாய். "அந்தப் பக்கத்த இங்க கேக்காத, பிடிக்காது. சும்மா ஒரு குத்துமதிப்புலதான் வச்சிருக்கேன். ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்போம், நானும் வரேன்."

வீட்டுப் பக்கம் அருமையாக இருந்தது. வண்டு போய்விட்டது, ஒலி தேன்போல் கனத்து இறங்கியது. அதற்காக உன்னைக் கொண்டாடினேன். ஆனால் வேலிப் பக்கம் போக நமக்கு வாய்க்கவேயில்லை. ஒரு வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் உனக்கு இரட்டை ஷிஃப்ட். எனக்குப் பதில் அம்மாவோடு இருக்க வருவதாகச் சொன்னவர் ஒருமுறை கடைசி நேரத்தில் கைவிரித்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பிறகு உனக்கு வயிற்றுவலி என்றார்கள். அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். எத்தனையோ பேரை லிஃப்டிலிருந்து எடுத்தவளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எடுக்க யாராலும் முடியவில்லை. மண்டாய் தகனச்சாலையில் உன்னை வழியனுப்ப வந்த நான், அம்மாவுக்கு மருந்து நேரம் என்று பாதியில் டாக்சி பிடித்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம், தெரியுமா? கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களை வேறென்ன செய்வது? அந்தக் கோபத்தில்தான் இத்தனை நாளும் சுவிட்சை நகர்த்தாமல் வைத்திருந்தேன்.

இன்று அந்த டேப் கையோடு வந்ததும் அந்தப் பிடிவாதம் எங்கோ கழன்றுவிட்டது. அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவின் கதவைத் தட்டி, இரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என் தோளில் தொங்கிய கிட்டார் பையைப் பார்த்தார். "இதுக்கா இப்படித் தயங்குற? போய்ட்டு வா லா" என்றார். கேட்க இவ்வளவு நாள் ஆகியிருக்க வேண்டியதில்லை.

ஜாலான் புசாரில் அந்த மாடிப்படி இன்னும் குறுகல்தான். கீழே இரும்புச் சாமான் கடை, மேலே அதே ஈரவாடை. அறைக் கதவைச் சாத்தி, பெரிய ஸ்பீக்கரை முடுக்கி, சுவிட்சைத் தள்ளினேன். ஒரே ஒரு தந்தியை மீட்டினேன்.

என்ன சொல்ல. பழைய காடாத் துணியைக் கையால் கிழிக்கும்போது நூல் நூலாகப் பிரியுமே, அப்படி வந்தது. ஒவ்வொரு நூலும் தனித்தனியாகக் கேட்டது. சுவர் அதிர்ந்தது, யாரும் தட்டவில்லை. குத்துமதிப்பு என்றாயே, பாவி, ஒரு இழைகூடத் தப்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசித்தேன். மூடிக்குள் இரண்டு புள்ளிகளும் எரிந்துகொண்டிருந்திருக்கும்.

ஒரு மணி நேரம் ஆவதற்குள் அக்காவின் ஃபோன். "அவசரமில்ல லா. ஆனா உங்கம்மா நீ எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க." எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"எங்கடி போன?" என்றாள் அம்மா.

"வெளியம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"பிசிறா இருந்துச்சு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அந்த லிஃப்ட் புள்ள வேலையா?" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நாளைக்கு மறுபடி அதே மேசை, அதே ஜன்னல், அதே மருந்து நேரம். ஒரு மதியம் வெளியே போய்வந்ததால் கதவு திறந்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும். டேப்பைப் புதிதாக எழுதி ஒட்டலாம், சரியான எழுத்தும் எனக்குத் தெரியும். பசை தடவி அந்தப் பழையதையே ஒட்டினேன். சுவிட்சையும் வீட்டுப் பக்கம் தள்ளவில்லை. இப்போது ஹெட்ஃபோனில் வண்டுகள் இரைகின்றன, இருக்கட்டும்.

நீ இனி வரமாட்டாய். ஆனாலும் லிஃப்டில் மாட்டியவர்களுக்கு நீ சொல்வாயே, அதுபோலப் பேசிக்கொண்டே இருக்கிறேன்.