பூனைக்குக் கழுவிய அறை

என் மகளுக்கு,

நேற்று விடியவே உன் பூனைக்கு வலி கண்டுவிட்டது. ஒரு குட்டி பிறந்தது. அடுத்தது குறுக்கே நின்றுவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் பெயரெடுத்தாலே எழுந்து போகிற அப்பாதான் அதைக் கூடையில் வைத்து, மோட்டார் சைக்கிளில் வவுனியாவுக்குக் கொண்டு ஓடினார்.

"கொஞ்சம் பிந்தியிருந்தா தாயும் தப்பியிராது" என்றாராம் மிருக வைத்தியர். பூனை பிழைத்துவிட்டது. அந்தக் குட்டியைப் பற்றிக் கேட்காதே.

திரும்பி வந்த அப்பா சாப்பிடவில்லை. "அவளுக்கு இப்ப ஏழாம் மாதமெல்லே? பூநகரியிலையிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எத்தினை பஸ் மாறவேணும்?" என்று உன்னைப் பற்றிக் கேட்டார்.

இன்று, நீ அவனோடு போன நாளிலிருந்து பூட்டிக் கிடந்த உன் அறையைத் திறந்து கழுவினார். பூனைக்காம்.

பூனை குசினி அடுப்படியில்தான் படுத்திருக்கிறது.

உன் அம்மா