பூங்கா மண்டபத்து விளக்கு

2003 ஆகஸ்ட், செவ்வாய்

விளக்கு நன்றாகத்தான் எரிகிறது என்று இன்று அந்த நெசவாளரிடம் நான் சொல்லவில்லை.

பூங்காவில் சூரிய அடுப்பு, மழைநீர்த் தொட்டியெல்லாம் காட்டும் எங்கள் சிறிய மண்டபத்துக்கு அவரும் மனைவியும் சேவூரிலிருந்து வந்திருந்தார்கள். கரண்ட் போனால் தறிக்குச் சூரிய விளக்கு போதுமா என்று பார்க்க வேண்டுமாம். திரை போட்ட இருட்டு மூலையில் விளக்கைப் போட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து பச்சையும் நீலமுமாக இரண்டு பட்டு இழைகளை எடுத்து அதன் அடியில் பிடித்தார்.

"ரெண்டும் ஒரே கலராத் தெரியுதே. சூரியன்னு சொல்லி மின்மினிப்பூச்சியப் புடிச்சி வச்சிகினு இருக்கீங்களா?"

எனக்கு இரண்டு நிறங்களும் தெளிவாகத் தெரிந்தன. அந்த அம்மா இழைகளைப் பார்த்தார், பிறகு கணவர் முகத்தை.

"எனக்கும் அப்டித்தாங்க இருக்குது. வெளக்கு மங்கல். வாங்க, போலாம்."

பையை மறந்துவிட்டதாகச் சொல்லி அந்த அம்மா மட்டும் திரும்பி வந்தார்.

"வெளக்கு மேல தப்பில்லம்மா. கண்ணமங்கலத்துல கல்யாணம்னு சொல்லி, நாளைக்கு வேலூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறேன். அதுவரைக்கும் யார் கேட்டாலும் ரிப்பேர்னே சொல்லு."

மாலை மண்டபத்தைப் பூட்டுவதற்கு முன், விளக்கின் மேல் 'பழுது' என்று எழுதி ஒட்டினேன்.