அப்பாவின் முறை

அன்பு மகள் கிரான்யாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே கிளேரில் எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. கருமூஞ்சி ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. மெல்பர்னில் வெயில் கொளுத்துகிறதாமே, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா பிரீட்டின் பப்பில் தனியாக உட்கார்ந்து குடிக்கிறார்! கணப்புக்குப் பக்கத்து மேசையில் கூட்டாளிகள் டைக், டோனலோடு உட்காராத வெள்ளிக்கிழமை உண்டா அவருக்கு? இப்போது கதவோரம், ஒற்றைக் கிளாஸோடு. ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் வாங்கித் தரும் வழக்கத்திலிருந்து ஒருவர் நழுவினால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாதா? கஞ்சத்தனம் என்கிறார்கள் சிலர். ஹர்லிங் ஆட்டத்தை வைத்துச் சண்டை என்கிறார்கள் வேறு சிலர். குடியை விடுவதாகப் பாதிரியாரிடம் சத்தியம் செய்துவிட்டார் என்றாள் தபால்காரி. கையில் கிளாஸை வைத்துக்கொண்டா என்று கேட்டேன்.

அவரைக் கேட்டால், "ஒண்ணுமில்லடி, கதவுப் பக்கம் காத்து நல்லா வருது" என்கிறார். பிப்ரவரிக் குளிரில்! எனக்கு மண்டையே வெடித்துவிடும் போலிருந்தது. நேரே பிரீட்டின் சமையலறைக்குப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் மழுப்பினாள். பிறகு, "அக்கா, அவரு முறை வந்துச்சு, மூணு கிளாஸையும் தூக்கிட்டுப் போனாரு. கை நடுங்கி பாதி டோனல் மடியில. அவன் சும்மா இருப்பானா? 'என்னடா ஃபின்டன், இந்த ஆட்டம் ஆடுற, கப்பல்லேர்ந்தா எறங்குற'ன்னுட்டான். எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சாரு. அடுத்த வாரம் கதவுகிட்டப் போயிட்டாரு" என்றாள்.

கொஞ்ச நாளாக வீட்டில் அவர் ஏன் பாத்திரத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றபடியே டீ குடிக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது; சிந்துவது என் கண்ணில் படக் கூடாதாம். நீயே கிளாஸ்களைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாதா என்று பிரீட்டைக் கேட்டேன். "அவனவன் முறைக்கு அவனவன் தூக்கறான். இவருக்கு மட்டும் நான் தூக்கினா, ஊருக்கே தம்பட்டம் அடிச்ச மாதிரி ஆயிடாதா?" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை நானும் போனேன். கணப்பு மேசை காலி. டோனல் கவுண்டர் ஓரத்தில், முதுகு ஒடியும் அந்த உயர நாற்காலியில் குந்தியிருந்தான். பக்கத்தில் டைக். நடுவில் ஒரு நாற்காலி காலி. கணப்புப் புகை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம் டோனலுக்கு. அந்த மேசைக்காகத் தம்பியோடு மல்லுக்கு நின்றவன்! திரும்பிக்கூடப் பார்க்காமல், "டேய் ஃபின்டன், உன் முறைடா. எங்க தொண்டை காயுது" என்று கத்தினான்.

அப்பா மெல்ல எழுந்து போய் நடுவில் உட்கார்ந்தார். பிரீட்டைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். அவள் கவுண்டர் மேலேயே நகர்த்திவிட, மூன்று கிளாஸும் மூவர் முன்னாலும் வந்து நின்றன. யாரும் எதையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. இது டோனலின் யோசனையா, பிரீட்டின் யோசனையா என்று இன்னும் துருவிக்கொண்டிருக்கிறேன். இருவரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

டாக்டரிடம் போகலாம் என்றால் அப்பா காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நீ சொன்னால் கேட்பார். போனில் வேண்டாம் கண்ணே. ஈஸ்டருக்கு லீவு கேட்டுப் பார். நீ வந்தால் பப்புக்கு அழைத்துப் போய், தன் கையாலேயே உனக்குக் கிளாஸை எடுத்து நீட்டுவார். கொஞ்சம் சிந்தும். அவசரப்பட்டுப் பிடித்துவிடாதே. உன் கைக்கு வந்து சேரும்வரை காத்திரு.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
நோரீன்