வரதராசுக்கு ஒரு வரவேற்பு மடல்

19-10-53, திங்கள்

விடாத மழை. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து கொசு. குடைக்கம்பி ஒடிந்தது. செருப்பு நாறுகிறது.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தந்த புண்ணியவான் அடுத்த திங்கட்கிழமை திறந்துவைக்க வருகிறாராம். வரவேற்பு மடலை நானே எழுதி நானே வாசிக்க வேண்டும். "நீங்கதான் சார் சரித்திர வாத்தியார். அவரும் மலேயா, நீங்களும் மலேயா, ஒரே ஊராமே! ஜப்பான்காரன் புடிச்சி வெச்சிருந்தப்போ அந்த ஊரையே அவர்தான் காப்பாத்தினாராமே?"

பேர் கேட்டேன். வரதராசு.

சோற்றை நாய்க்கு வைத்தேன்.

20-10, செவ்வாய்

"நகரின் வரலாறும் மக்களும்" என்று மடலில் ஒரு பத்தி வேண்டுமாம் த.ஆ.வுக்கு. குறிப்பு:

வரலாறு. மலேயாவில் நாங்கள் இருந்தது வெள்ளீயம் உருக்கும் ஊர். பெரிய உலை, ரயில் பட்டறை, ஆற்றின்மேல் ஒரு பாலம். வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். உலை மட்டும் அணையவில்லை.

மக்கள். கடைத்தெருவில் சீனர், ஆற்றோரம் மலாய்க்காரர், உலையிலும் ரயில்வே லயன் வீடுகளிலும் நம்மவர். பிறகு சீனரில் எத்தனையோ பேரைக் காணோம். நம் ஆண்களை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போனான், திரும்பியவர் சிலரே. மிச்சப்பட்டவர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்று கால் வீங்கியவர்கள். நானும் அதில் ஒருவன், லயன் பள்ளிக்கூடத்து வாத்தி.

பாலத்தில் காவல். கடக்கிறவன் கைகளைத் தொடையோடு ஒட்டி இடுப்பிலிருந்து குனிய வேண்டும். பிடரியில் தட்டினால்தான் நிமிரலாம். நிமிர்ந்தபின் திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். கையில் வெள்ளைப் பட்டை கட்டிய நம்மூர் எடுபிடிகளுக்கும் இதே மரியாதை. வரதராசு பட்டை கட்டியவன். சயாமுக்கு ஆள் பொறுக்கிக் கொடுத்தவன். என் தங்கை தனத்தின் புருஷன் மாணிக்கத்தை உலை வாசலில் வைத்து லாரியில் ஏற்றியவன்.

இதில் எதை மடலில் எழுத? த்தூ.

21-10, புதன்

தனத்திடம் மறைக்க நினைத்தேன். முடியுமா? தெருவே அதைத்தான் பேசுகிறது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை தூக்காமல், "அவனா அண்ணே?" என்றாள். அவன்தான்.

சண்டை முடிந்து நாங்கள் இருவரும் கப்பலேறி வந்தோம். மாணிக்கத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. தினம் குங்குமம் வைக்கிறாள். தெருப் பெண்கள் நல்ல காரியத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், கருமாதி பண்ணச் சொல்லி நச்சரிக்க மட்டும் வருவார்கள். நாக்கில் புழு வைக்க.

"அவன் மூஞ்சில முழிக்க நான் வரமாட்டேன். நீ ஒண்ணே ஒண்ணு கேளு. அந்த லாரில போனவங்க இன்னா ஆனாங்க? அவுரு கீறாரா, இல்லியா? இல்லன்னு சொல்லிட்டா பொட்ட அழிச்சிட்டு திதி குடுத்துடறேன். இப்படி நடுவுல நின்னுகினு இருக்க என்னால ஆவல அண்ணே."

கேட்கிறேன் என்றேன். மடல் கொடுக்கும்போது பக்கத்தில்தானே நிற்பேன். கட்டாயம் கேட்பேன்.

பள்ளியில் டிரில் மாஸ்டர் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார். விழாக்குழுவுக்கு அடையாளமாம்.

24-10, சனி

மடலைக் காட்டி ஒப்புதல் வாங்க மாமல்லபுரம். அங்கே கடலோரம் அவனுக்குச் சவுக்குத் தோப்பும் பங்களாவும். பஸ்ஸில் ஒருத்தி கருவாட்டுக் கூடையை என் மடியிலேயே வைத்துவிட்டாள். அந்த நாற்றமே தேவலை.

"ஐயா தூங்கறாரு" என்றான் கணக்கப்பிள்ளை. மதியம்வரை வராந்தாவில். குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் கணக்கப்பிள்ளையே படித்துப் பார்த்து ஒரு வரி சேர்க்கச் சொன்னான்: "பல்லின மக்களும் அவர் நிழலில் பசியறியாது வாழ்ந்தனர்." எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது, சனியன்.

26-10, திங்கள்

மழை விட்டிருக்கிறது. விழா. லட்டுத் தட்டில் ஈ.

ஆள் பெருத்துவிட்டான். சந்தனம், ஜரிகை வேட்டி. விழாக்குழுவினர் எல்லோர் கையிலும் வெள்ளைப் பட்டை. மேடையில் த.ஆ. அவன் கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டுப் பல்லிளித்தார். அப்போது நான் குனிந்த தலையோடு மடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தடுமாறாமல் வாசித்தேன். பசியறியாது வாழ்ந்தனர். கைதட்டல்.

கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டான். 'மாணிக்கம் இருக்கானா?' இவ்வளவுதான் கேட்க வேண்டியது. நாக்கு நுனியில் இருந்தது. காதருகே போனேன். பட்டை கண்ணில் பட்டது.

கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. இடுப்பு மடங்கியது. சத்தியமாக நான் மடக்கவில்லை.

சபை இன்னும் பலமாகத் தட்டியது. பிடரியில் இரண்டு விரல், மெதுவாக ஒரு தட்டு. அவனுக்கும் மறக்கவில்லை.

நிமிர்ந்தேன். திரும்பிப் பாராமல் படியிறங்கிவிட்டேன். கீழே த.ஆ., "பிரமாதம் சார், என்ன பணிவு!" என்றார். அந்த ஆளைச் செருப்பால் அடிக்கலாம். முதலில் என்னை.

வாசலிலேயே நின்றிருந்தாள் தனம்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"தெரியாதுன்னான்."

கொல்லைக்குப் போய் வாந்தி. லட்டு அத்தனையும்.

27-10, செவ்வாய்

நல்ல வெயில். செருப்பைக் காயப் போட்டேன். குடை ரிப்பேருக்கு.

தனம் விடியுமுன்பே தலை முழுகியிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரியிடம் வேலியோரம் நின்று சொல்வது இங்கே கேட்கிறது. "தெரியாதுன்னுதானே சொல்லிக்கீறான்? இல்லன்னு சொல்லலியே! செத்திருந்தா அவனுக்குத் தெரியாம இருக்குமா?"

இன்றைக்குக் குங்குமம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. சாப்பிடும்போது கேட்காமலேயே எனக்கு இன்னொரு தோசை வைத்தாள், நெய் விட்டு.