சான்று எண் நான்கு

மார்ச் 4

இன்று காலை ஒன்பது பத்துக்கு என் ராஜ்ஜியத்தின் மீது போர் அறிவிக்கப்பட்டது.

ராஜ்ஜியம் என்றால், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடம். ஆறடிக்கு நாலடி. கிழக்கே ஒரு சன்னல். சன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் மேல் நான். பக்கத்தில், சன்னல் திண்டின் மேல் மண்தொட்டி, அதில் ஒரு செடி. மக்கள்தொகை இரண்டு.

தங்கை வீட்டில் எனக்குக் கொடுத்திருக்கும் உள்ளறைக்குச் சன்னல் கிடையாது. குறை சொல்லவில்லை, அவள் கொடுத்ததே பெரிது. ஆனால் அங்கே சட்டை மாட்டினால், முன்பக்கம் எது முதுகுப்பக்கம் எது என்று வெளியே வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வருடம் ரயில் நிலையத்து ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்து, வருகிற ரயிலை வரவழைத்து, போகிற ரயிலை அனுப்பி வைத்தவன் நான். என் குரல் இல்லாமல் ஒரு சக்கரம் உருண்டதில்லை. எனக்கு ஒரு சன்னல் வெளிச்சம் அதிகமா?

அறிவிப்பை ஒட்டியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "பொதுப் படிக்கட்டில் தனியார் பொருள்கள் கூடாது." பத்து நாள் கெடு. மனிதர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறார். கோப்பில் இடம் ஒதுக்காமல் கொட்டாவிகூட விடமாட்டார். இந்தக் கட்டடத்தில் என்னைவிட மூத்த பால்காரர் உட்பட எல்லோருக்கும் நான் மாமா. இவருக்கு மட்டும் 'சார்'. அதைக் கேட்டாலே நெற்றியில் ரப்பர் முத்திரை விழுந்த மாதிரி இருக்கும்.

தொட்டி நகராது. நாற்காலி நகராது. நானும்.

மார்ச் 5

நகரவில்லை.

மார்ச் 8

எதிரிக்கு இன்று ஆயுதம் கிடைத்துவிட்டது. கொடுத்தது என் செடியேதான், துரோகி.

அது தன் அடியிலை ஒன்றைப் படியில் உதிர்த்திருக்கிறது. முதல் மாடித் தையல்காரம்மா அதில் கால் வைத்து வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தார். "ஒண்ணும் ஆகல மாமா, விடுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். செயலாளர் விடுவாரா? குனிந்தார். இலையை இரண்டு விரலால், வைரம் எடுப்பதுபோல் எடுத்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓரத்தை ஒட்டினார். மேலே எழுதினார்: சான்று எண் 4.

"அப்ப முதல் மூணு?" என்றேன்.

"ஒண்ணு, தண்ணிக் கறையோட படம். ரெண்டு, உங்க நாற்காலியோட படம். மூணு, ஒரு சிட்டிகை மண்ணு, தீப்பெட்டில இருக்கு சார்."

உலகத்தில் எத்தனையோ போர்கள் நடந்திருக்கின்றன. தீப்பெட்டி மண்ணைச் சாட்சிக்கு அழைத்த போர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 10

தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தாலே எனக்குப் பயம். நின்றுகொண்டு திட்டுகிறவள், உட்கார்ந்தால் கெஞ்சப் போகிறாள் என்று அர்த்தம்.

"அண்ணே, அடுத்த மாசம் வாடகை ஒப்பந்தம் முடியுது. வீட்டுக்காரர் சங்கத்துலேருந்து லெட்டர் கேக்குறார், நம்ம மேல புகார் எதுவும் இல்லன்னு. அதை எழுதித் தர்றது இவர்தான்."

"நான் போய்ப் பேசுறேன்."

"பேசவே வேணாம்ணே. அதைத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க."

நெஞ்சுக்குள் ஏழு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் மோதிக்கொண்டன. நாற்காலியை மடக்கினேன். தொட்டியைத் தூக்கினேன். தொட்டியின் அடி ஓட்டை வழியே வேர் வெளியே வந்து சன்னல் திண்டின் வெடிப்பில் புகுந்திருந்தது. இழுத்தபோது வரமாட்டேன் என்றது. என்னைவிட மானமுள்ள வேர்.

தோற்கவில்லை. பின்வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

மார்ச் 15

உள்ளறையில் ஐந்தாம் நாள். செடி ஒரு பக்கமாகச் சாய்கிறது. கதவிடுக்கில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் விழும், அந்தப் பக்கம்தான். தொட்டியைத் திருப்பி வைத்தேன். இரண்டு நாளில் மறுபடி அதே கதவைப் பார்த்துக் கழுத்தை நீட்டுகிறது. பலே! தண்டு வெளுத்து நீண்டுவிட்டது. கீழ் இலைகளை ஒவ்வொன்றாக உதறிவிட்டு, இருக்கிற சத்தையெல்லாம் உச்சிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் ராஜா பட்டினி கிடந்து இளவரசனுக்குச் சோறு போடுவதுபோல.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். நாற்றுப்பண்ணைக்காரர் மகள், விஷயம் தெரிந்தவர். "இது ரணகள்ளி மாமா. இலையை அமுக்கிப் பாருங்க, உள்ள பூரா தண்ணிதான். மேல மெழுகு பூசின மாதிரி தோல். பகல்ல இலையில இருக்கற வாயெல்லாம் மூடிக்கிட்டு, வெயில் தாழ்ந்தப்புறம்தான் தொறக்கும். தண்ணி ஆவியாப் போகக்கூடாதுல்ல? அதனால ரொம்ப ஊத்திடாதீங்க."

பகலில் வாயை மூடிக்கொண்டு பிழைக்கிற செடி! தங்கை என்னிடம் கேட்டதும் அதுதானே? செடிக்கு வருகிறது. எனக்குத்தான் வரவில்லை. இன்று காலை மட்டும் மூன்று முறை செயலாளரைத் திட்டினேன், அலமாரிக்குள் தலையை விட்டு.

மார்ச் 19

வாடிக்கொண்டே இருக்கிறது. சொம்பு சொம்பாக ஊற்றுகிறேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 24

செத்துப்போச்சு.

நான்தான் கொன்னேன். வெளிச்சம் இல்லாத இடத்துல வேர் எவ்வளவு தண்ணியத்தான் குடிக்கும்? அடித்தண்டு கொழகொழன்னு கையோட வந்துடுச்சு. இலை அத்தனையும் கறுத்து அழுகிப்போச்சு. அந்தம்மா ஊத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லிச்சு. கேட்டேனா? வெயில்ல, பூட்டின கடை வாசல்ல, உடைஞ்ச தொட்டியில, ஒரு சொட்டுத் தண்ணியில்லாம கெடந்தப்பக்கூட சாகாதது. ரயில் நிலையத்துல பதிவு பண்ணின குரலை வெச்சுட்டு என்னை மாலை போட்டு அனுப்பின வாரம்தான் அதைத் தூக்கிட்டு வந்தேன். ரெண்டு பேரையும் வேண்டாம்னு சொன்னாங்க, ரெண்டு பேரும் இருந்து காட்டுவோம்னு —

தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நல்ல இலை இருந்தாக்கூடப் போதும் மாமா. இதோட இலை ஓரத்துல வெட்டு வெட்டா இருக்குல்ல, ஒவ்வொரு வெட்டுலேருந்தும் வேரும் விட்டு, குட்டிச் செடியும் வரும்."

ஒரு நல்ல இலை.

உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம். அது எங்கே இருக்கிறது?

மார்ச் 25

எதிரியின் வாசலில் நின்றேன். நான்! கதவு திறந்தது. அவர் வீட்டுச் சன்னலோரம் கோப்புகள், ராணுவம் மாதிரி வரிசையாக.

"சான்று நாலை ஒரு தடவை கொடுங்க."

"முடியாது சார். ஒட்டியாச்சு. முப்பதாந்தேதி கூட்டத்துலதான் பிரிக்கணும்."

"செடி செத்துப்போச்சு."

நேராக இருந்த கோப்பு ஒன்றை மறுபடி நேராக்கினார். பிறகு, மெதுவாகத்தான் சொன்னார்: "விதி சார்."

இன்றோடு அந்த இலை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் பதினேழு நாள். சருகாகியிருக்கும். இருந்தாலும் கூட்டத்துக்குப் போகிறேன். சருகுக்காவது எழுந்து நிற்க ஓர் ஆள் வேண்டாமா?

மார்ச் 30

சந்தோஷம் தாங்கவில்லை. எழுத்து ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடுகிறது.

கூட்டம் மொட்டைமாடியில், சாயங்காலம். கிளம்பும்போதே தங்கை சத்தியம் வாங்கிக்கொண்டாள், "ஒரு வார்த்தை பேசக்கூடாது." தீர்மானம் படிக்கப்பட்டது: படிக்கட்டில் தனியார் பொருள் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்தக் கையின் எடை நாற்பது டன்.

பிறகு செயலாளர் சான்றுகளைக் காட்டினார். படம். படம். தீப்பெட்டி. நாலாவது உறையை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

தையல்காரம்மாதான் முதலில் சிரித்தார். "ஐயோ, குட்டி போட்டிருக்கு!"

உறைக்குள் இலை சற்றுச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். தன் சதைக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீரையும் சத்தையும் இருபத்திரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, ஓரத்து வெட்டுகளில் ஐந்து குட்டிச் செடிகளைப் பெற்றிருந்தது. ஒவ்வொன்றுக்கும் கடுகளவு இரண்டு இலை. மயிரிழை மாதிரி வெள்ளை வேர்கள், பிளாஸ்டிக்கில் முகம் பதித்துக்கொண்டு. கோப்புக்குள், புகாருக்குள், எதிரியின் வீட்டுக்குள்!

"சரி, குப்பையில போட்டுட்டு அடுத்ததுக்கு வாங்க" என்றார் யாரோ.

எழுந்துவிட்டேன். தங்கை வேட்டியைப் பிடித்து இழுத்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினேன், ஆனால் அந்தப் பழைய குரலில். நாலு தெரு தள்ளி ஒருவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

"ஐயா, சான்றை அழிக்கலாம்னு உங்க விதியில இருக்கா?"

செயலாளர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். அவரே எழுதிய புத்தகம்தான். மூன்று நிமிடம் படித்தார். மொட்டைமாடியில் துணி ஆடுகிற சத்தம் கேட்டது.

"இல்ல. சான்றை ஒரு வருஷம் பாதுகாக்கணும். கிடைச்ச நிலை கெடாம." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இப்ப தனியார் பொருள் கிடையாது. சங்கத்தோட ஆவணம்."

"உயிரோட இருக்குதே" என்றார் தையல்காரம்மா.

"அப்ப உயிரோட பாதுகாக்கணும்" என்றார் செயலாளர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

ஏப்ரல் 3

தங்கைக்குக் கடிதம் வந்துவிட்டது. "மேற்படி குடும்பத்தினர் மீது நிலுவையில் புகார் ஏதுமில்லை." அவள் அதை மூன்று தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னுதானே சொன்னேன்?"

"ஒரு வார்த்தையா பேசினேன்? ஆறு வார்த்தை."

தட்டில் சோறு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தது.

ஏப்ரல் 9

கட்டடத்திலேயே ஆவணத்துக்குத் தேவையான வெளிச்சம் படிக்கட்டுத் திருப்பத்தில்தான் இருக்கிறதாம். செயலாளர் அளந்து பார்த்து முடிவு செய்திருக்கிறார். எதை வைத்து அளந்தார் என்று கேட்கவில்லை. ஐந்து சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: சான்று 4 (அ), (ஆ), (இ), (ஈ), (உ). பராமரிப்பு: நான். நிபந்தனை: வாரத்துக்கு ஒரே ஒரு சிறு கரண்டித் தண்ணீர், தையல்காரம்மா முன்னிலையில். இந்த அவமானத்தை ஏற்றுக்கொண்டேன். நியாயமானது.

ஏப்ரல் 11

மடக்கி வைத்திருந்த நாற்காலியைச் செயலாளர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சான்று எண் 2-இல் படம் தெளிவாக இல்லையாம். அசலையே வைக்க வேண்டுமாம்.

எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? ஆறடிக்கு நாலடிக்குள்.

ஜூன் 8

காலையில் போனால் சான்று எண் 2-இல் செயலாளர் உட்கார்ந்திருந்தார். நான் படியில் உட்கார்ந்தேன். பொதுப் படிதானே.

செடிகள் சாண் உயரம். 4 (இ)-யின் வேர் ஓட்டை வழியே கிளம்பி, பழைய வெடிப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. அதைக் குனிந்து பார்த்த செயலாளரின் முழங்கை பட்டு, நல்ல தடித்த இலை ஒன்று படியில் விழுந்தது.

மேலே பார்த்தார். கீழே பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். தயாராகத்தான் வைத்திருந்திருக்கிறார், திருட்டு மனிதர்! இலையை உள்ளே போட்டு ஓரத்தை ஒட்டி, மேலே 'சான்று எண் 5' என்று எழுதினார்.

"மாமா," என்றார், தலை நிமிராமல். "நீங்க எதையும் பாக்கலையே?"

பகல் நேரம். நான் வாயே திறக்கவில்லை.