வீடியோக்காரர் வெட்டிய இடம்

கிளியனூர்
12.6.2016

அன்பு மகள் ஜாக்குலினுக்கு உன் சித்தப்பா பாக்கியசாமி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா தயவில் நானும் உன் சித்தியும் இங்கே திடமாக இருக்கிறோம், அந்தக் குவைத் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க வேண்டும். லீவு கிடைக்காமல் தம்பி கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்று அழாதே. வந்த கூட்டத்தில் புதுச்சேரி ரோட்டில் பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது, பிரியாணி வாசனை திண்டிவனம் வரைக்கும் போயிருக்கிறது, வாட்சப்பில் அனுப்பிய வீடியோவில் எல்லாம் பார்த்திருப்பாய். ஆனால் பிரவீன் பீடத்துக்கு முன்னால் வாக்கு கொடுக்கிற இடத்தில் வீடியோக்காரர் நல்ல மனதோடு கொஞ்சம் வெட்டிவிட்டார். அதுதானம்மா கல்யாணமே. நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நீ கேட்பாய், தெரியும், இதில் மட்டும் எதையும் தள்ளாதே.

அவனுக்கு மற்ற வார்த்தையெல்லாம் திக்கித் திக்கியாவது வந்துவிடும், தன் பெயர்தான் வராது. உன் அப்பா காலமான பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வேலைக்குச் சேர்ந்த கம்பெனி வரைக்கும் அவன் பெயரை நான்தான் சொன்னேன், நான் சொன்ன கம்பீரத்தில் ஹெட்மாஸ்டரே எழுந்து நின்றார். கோயிலில் ‘சகாய பிரவீன் ஆகிய நான்’ என்று அவன் வாயாலேயே சொல்லியாக வேண்டுமே, அதற்குப் பயந்துதான் வந்த வரனையெல்லாம் வேண்டாம் என்றான். போன வருஷம் திடீரென்று ஞாயிற்றுக்கிழமையானால் விழுப்புரத்துக்குக் கிளம்ப ஆரம்பித்தான். ஏதோ செயின் பிசினஸில் விழுந்துவிட்டான் என்று நானும் பின்னாலேயே போனேன். பார்த்தால் பூங்காவில் ஒரு நூறு பேர், சரி, இருபது பேர், எல்லாரும் திக்கிப் பேசுகிறவர்கள். பேஸ்புக்கில் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்து, வாட்சப்பில் குரூப் வைத்து, நேரில் பேசிப் பழகுவதற்காகக் கூடுகிறார்களாம். ஆரம்பித்தவர் சீனுவாசன், பஸ் கண்டக்டர், திண்டிவனம் என்று அவர் கூவி முடிப்பதற்குள் பஸ் திண்டிவனமே போய்ச் சேர்ந்துவிடும் என்று அவரே சொல்லிச் சிரித்தார். அங்கே ஒரே சட்டம், ஒருத்தர் வார்த்தையை இன்னொருத்தர் முடித்து வைக்கக் கூடாது. டீயைக்கூட அவரவரே கேட்டு வாங்க வேண்டும். பிரவீன் முறை வந்தபோது பழக்கதோஷத்தில் அவன் பெயரை நான் சொல்லிவிட்டேன். காணையிலிருந்து வருகிற டீச்சர் லூர்துமேரி, ‘அ... அண்ணே, அவன் பேரு அவனுக்குத் தெரியும், நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கினு இருங்க’ என்றாள். அதை அவள் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போயிற்று, ஆனால் ஒருத்தரும் அவசரப்படவில்லை, வேறு பக்கம் பார்க்கவுமில்லை. எத்தனை திருவிழாவில் மைக் பிடித்தவன் நான், என் பேச்சை அவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டதில்லையம்மா.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாமியார், ‘நீ சும்மா தலையாட்டுப்பா, நான் சொல்லிடறேன்’ என்றார். ‘நா... நானே சொல்றேன் ஃபாதர்’ என்றான். மறுநாள் மணப்பெண் வெனிலா கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான், ‘ச’ என்ற இடத்திலேயே நின்றுபோனது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. உன் சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பின்னால் உட்கார்ந்திருந்த லூர்துமேரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வெனிலாவோ எடுத்துக் கொடுக்கவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை, நேரம் நிறைய இருக்கிறது என்பதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரூப்காரர்கள் ரெண்டு பெஞ்சு நிறைய அசையாமல் இருந்தார்கள், அவர்களைப் பார்த்துக் கோயிலே அசையாமல் இருந்தது, அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டது என்றால் நம்பு. அப்புறம் வந்ததம்மா, ‘சகாய பிரவீன் ஆகிய நான்’ என்று, சின்னக் குரலில், முழுசாக. அவன் பெயரை அவன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நான் சொன்னபோதெல்லாம் அது இவ்வளவு நல்ல பெயராக இல்லை.

லீவில் வந்த மாசிலாமணி குவைத்துக்குத் திரும்புகிறான், இந்தக் கடிதத்தோடு வறுத்த மல்லாட்டையும் கொடுத்தனுப்புகிறேன், பிள்ளைகளுக்குக் கொடு, அங்கே கிடைக்கிற வேர்க்கடலைக்கு இந்த ருசி வராது. மாதா உங்கள் குடும்பத்தைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இத்தனை வருஷமும் மெசேஜ் மட்டும் அனுப்பிய உன் தம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் போடப் போகிறான். எடுத்ததும் சத்தம் வராவிட்டால் லைன் போய்விட்டதென்று வைத்துவிடாதே. அவன் ‘அக்கா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
ஆ. பாக்கியசாமி