காலியாக இருக்கும் ஓர் உறை

டோலிடோ, செவ்வாய்

அன்புள்ள என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.

நீ கோபித்துக்கொண்டு கிளம்பியதிலிருந்து உன் பேஸ்பால் கார்டுகளோடுதான் குடித்தனம். ஏதோ ஒரு வருடம் மட்டையைத் தொட்டவன் படத்தையெல்லாம் அச்சடித்த ராட்சத செட்! ஆல்பங்கள் அலமாரி கொள்ளாமல் சாப்பாட்டு மேஜை வரை வந்துவிட்டன. விற்றுத் தொலைக்கலாமென்று இன்று கார்டு கடைக்கார விர்ஜிலை வரவழைத்தேன்.

கடைசி ஆல்பத்தில் கார்டு சொருகும் ஓர் உறை காலியாக இருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"முழுசா சேர்த்த செட்டை எவனும் உடைக்கமாட்டான் மேடம். ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கார்னா, திரும்பி வரப்போறார். விக்கிறதுதான்னா, அதே கார்டு என்கிட்ட இருக்கு, சொருகிடட்டுமா?"

"அதுல கை வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். ஏனென்று தெரியவில்லை. விர்ஜில் போனதிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

அந்தக் கார்டைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே. மடங்கிவிடும்.

இன்னும் உன் மனைவிதான்.